வீக்கெண்டுக்கு லிஸ்பன்: 39 யூரோ டிக்கெட்டில் நிஜமாகவே போய் வர முடியுமா? ஐரோப்பாவில் படிக்கும் மாணவர்கள் கவனிக்க வேண்டியது என்ன?

ஜெர்மனியில் படிக்கும் பிள்ளை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஒரு போட்டோ போடுகிறார். மஞ்சள் நிற டிராம், நீல வானம், தூரத்தில் ஆறு. கீழே 'லிஸ்பன்' என்று ஒரே ஒரு வார்த்தை. ஊரில் இருக்கும் அம்மாவின் முதல் கேள்வி: "படிக்கப் போனியா, ஊர் சுத்தப் போனியா?" அடுத்த கேள்வி: "இதுக்கெல்லாம் காசு ஏது?"

இரண்டுமே நியாயமான கேள்விகள்தான். ஆனால் இந்த இரண்டையும் விட முக்கியமான மூன்றாவது கேள்வி ஒன்று இருக்கிறது. அதை பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை: "கையில் இருக்கிற பேப்பர் சரியா இருக்கா?" ஏனென்றால், காசு போனால் அடுத்த மாதம் சம்பாதித்துக்கொள்ளலாம். விசா விஷயத்தில் சறுக்கினால் படிப்புக்கே சிக்கல் வரும்.

2023-24 குளிர்கால செமஸ்டரில் ஜெர்மனியில் படித்த இந்திய மாணவர்கள் மட்டும் சுமார் 49,000 பேர். அங்குள்ள வெளிநாட்டு மாணவர்களில் இந்தியர்கள்தான் முதலிடம். அவர்களில் பலருக்கும் நவம்பர் மாதம் வந்தால் ஒரே ஆசைதான். எங்கேயாவது போய் கொஞ்சம் வெயிலைப் பார்த்துவிட்டு வரணும்.

வெயிலுக்காக ஒரு பயணமா?

சென்னை, மதுரையில் இருந்து பார்த்தால் சிரிப்பாக இருக்கும். நாமெல்லாம் வெயிலைக் கண்டு ஓடுகிறவர்கள். ஆனால் டிசம்பர் கடைசி வாரத்தில் பெர்லினில் மாலை 4 மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். பகல் என்பது ஏழரை மணி நேரத்துக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். அந்தப் பகலிலும் பாதி நாள் மேகம். காலையில் வகுப்புக்குப் போகும்போதும் இருட்டு, திரும்பும்போதும் இருட்டு. முதல் வருடம் போகிற நம்ம ஊர் மாணவர்கள் பலரும் சொல்வது, குளிரைக் கூட சமாளிச்சிடலாம், இந்த இருட்டுதான் மனசை அழுத்துது என்பதுதான்.

போர்ச்சுகலின் தலைநகரான லிஸ்பனில் ஆண்டுக்கு சுமார் 2,800 மணி நேரம் வெயில் கிடைக்கிறது. பெர்லினில் அது சுமார் 1,700 மணி நேரம். வித்தியாசம் ஏன்? அட்லாண்டிக் கடலில் அசோர்ஸ் தீவுகளை ஒட்டி ஓர் உயர் காற்றழுத்தப் பகுதி இருக்கிறது. கோடையில் அது விரிந்து போர்ச்சுகல் வரை வந்து, மழை மேகங்களை வடக்கே தள்ளிவிடும். அதனால் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் லிஸ்பனில் மழை அநேகமாகவே இருக்காது. குளிர்காலத்தில் அதே காற்றழுத்தப் பகுதி தெற்கே நகர்ந்துவிடும். அப்போது கடலில் இருந்து மழை வரும்.

இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். "சன்னி சிட்டி" என்று போட்டோவைப் பார்த்து டிசம்பரில் டிக்கெட் போட்டால், இரண்டு நாளும் மழையில் நனைய வாய்ப்பு இருக்கிறது. மார்ச் கடைசி முதல் ஜூன் வரை, அப்புறம் செப்டம்பர் முதல் அக்டோபர் பாதி வரை, இந்த இரண்டு காலமும்தான் மாணவர்களுக்குச் சரியானது. கோடையில் ரூம் வாடகை எகிறும். கடலில் குளிக்கலாம் என்ற கனவோடு போகிறவர்களுக்கும் ஒரு எச்சரிக்கை: அது அட்லாண்டிக். நம்ம மெரினா தண்ணீர் மாதிரி வெதுவெதுப்பாக இருக்காது. ஆகஸ்டில் கூட காலை வைத்தவுடன் எடுத்துவிடுகிறவர்கள்தான் அதிகம்.

யாருக்கு விசா வேண்டாம், யாருக்கு வேண்டும்?

இங்கேதான் விஷயமே இருக்கிறது. ஒரே ஊர், ஒரே இந்திய பாஸ்போர்ட், ஒரே வயது. ஆனால் ஜெர்மனியில் படிக்கும் மாணவி வெள்ளிக்கிழமை முடிவெடுத்து வெள்ளிக்கிழமையே கிளம்பலாம். லண்டனில் படிக்கும் அவருடைய தோழிக்கு அது முடியாது.

காரணம், ஷெங்கன் ஒப்பந்தம். ஐரோப்பாவில் 29 நாடுகள் இதில் இருக்கின்றன. இந்த நாடுகளில் ஒன்றில் மாணவர் ரெசிடென்ஸ் பெர்மிட் வைத்திருப்பவர், மற்ற 28 நாடுகளுக்கும் தனி விசா இல்லாமல் போகலாம். எந்த 180 நாட்களை எடுத்துக்கொண்டாலும் அதில் 90 நாட்களுக்கு மேல் தங்கக் கூடாது என்பதுதான் வரம்பு. ஜெர்மனியும் போர்ச்சுகலும் ஷெங்கனில் இருப்பதால், அந்த மாணவிக்குத் தேவை இரண்டுதான்: செல்லுபடியாகும் பாஸ்போர்ட், செல்லுபடியாகும் ரெசிடென்ஸ் பெர்மிட் கார்டு. இன்னும் கார்டு வரவில்லை, இந்தியாவில் வாங்கிய நீண்டகால தேசிய விசா, அதாவது 'டி' விசா, பாஸ்போர்ட்டில் காலாவதியாகாமல் இருக்கிறது என்றால் அதுவும் போதும். ஆனால் இது சுற்றிப் பார்க்கத்தான். போர்ச்சுகலில் வேலை பார்க்க இந்த அனுமதி செல்லாது.

பிரிட்டன் ஷெங்கனில் இல்லை. அயர்லாந்து ஐரோப்பிய யூனியனில் இருந்தாலும் ஷெங்கனில் இல்லை. அதனால் லண்டன், டப்ளினில் படிக்கும் இந்திய மாணவர்களுக்கு இரண்டு நாள் பயணத்துக்கும் ஷெங்கன் விசா கட்டாயம். கட்டணம் 90 யூரோ. இது 2024 ஜூனில்தான் 80-ல் இருந்து உயர்த்தப்பட்டது. விண்ணப்பத்தைப் பரிசீலிக்க 15 நாட்கள் என்பது விதி. அதற்கு முன்னால் அப்பாயின்ட்மென்ட் கிடைக்கிற வரை காத்திருப்பது தனிக் கணக்கு. குறைந்தது 30,000 யூரோ அளவுக்கு மருத்துவக் காப்பீடு, வங்கி ஸ்டேட்மென்ட், தங்கும் இடத்தின் புக்கிங் எல்லாம் கேட்பார்கள். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம் என்பதால், திட்டமிட்டால் முடியாதது இல்லை. ஆனால் 'சும்மா ஒரு வீக்கெண்ட்' என்ற பேச்சு அவர்களுக்குப் பொருந்தாது.

இதே சிக்கல் தலைகீழாகவும் உண்டு. ஜெர்மனியில் இருந்து லிஸ்பனுக்குச் சும்மா போய் வந்த பழக்கத்தில், லண்டனில் இருக்கும் கஸினைப் பார்க்க டிக்கெட் போட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஜெர்மன் பெர்மிட்டை வைத்துக்கொண்டு லண்டனுக்குள் நுழைய முடியாது. விமான நிலைய கவுன்ட்டரிலேயே நிறுத்திவிடுவார்கள். டிக்கெட் காசும் திரும்ப வராது.

பெர்மிட் காலாவதியாகி, புதுப்பிக்கக் கொடுத்திருந்தால்?

ஜெர்மனியில் பல நகரங்களில் வெளிநாட்டினர் அலுவலகத்தில் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கிறது. அந்த இடைவெளிக்கு ஒரு தற்காலிகக் காகிதம் கொடுப்பார்கள். அதற்கு ஜெர்மன் மொழியில் ஃபிக்ட்சியோன்ஸ்பெஷைனிகுங் என்று பெயர். வாயில் நுழையாத பெயர்தான், ஆனால் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டிய பெயர். இதில் வகைகள் உண்டு. காகிதத்துக்குள் எந்தக் கட்டத்தில் டிக் அடித்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்து, அதை வைத்து நாட்டை விட்டு வெளியே போய்த் திரும்ப முடியுமா முடியாதா என்பது மாறும். "என் ஃப்ரெண்டு இதே பேப்பரை வச்சு போயிட்டு வந்தான்" என்பதை நம்பிக் கிளம்ப வேண்டாம். நண்பருடையது வேறு வகையாக இருக்கலாம். அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பி, எழுத்தில் பதில் வாங்கிய பிறகு டிக்கெட் போடுவதுதான் பாதுகாப்பு. பதில் வரவில்லையா, லிஸ்பன் எங்கேயும் ஓடிவிடாது. அடுத்த செமஸ்டரில் போகலாம்.

ஷெங்கனுக்குள்ளே பாஸ்போர்ட் செக்கிங்கே இல்லையே, அப்புறம் என்ன பயம் என்று கேட்கலாம். வழக்கமான பாஸ்போர்ட் சோதனை இல்லை என்பது உண்மை. ஆனால் விமான நிறுவனம் ஏற்றும்போது பார்க்கலாம். சில மலிவு விலை விமான நிறுவனங்கள், ஐரோப்பியர் அல்லாத பயணிகள் கவுன்ட்டரில் ஆவணங்களைக் காட்டி சரிபார்த்துக்கொண்ட பிறகே கேட்டுக்குப் போக வேண்டும் என்று விதி வைத்திருக்கின்றன. மொபைலில் போர்டிங் பாஸ் இருக்கு என்று நேராக கேட்டுக்குப் போய் நின்று, அங்கிருந்து திருப்பி அனுப்பப்பட்டு, விமானத்தைத் தவறவிடுவது இந்திய மாணவர்களுக்கு நேரக்கூடிய ஒன்று. டிக்கெட் போடும்போதே அந்த நிறுவனத்தின் விதியைப் படித்துவிடுங்கள். 2024 செப்டம்பர் முதல் ஜெர்மனி தன் எல்லா நில எல்லைகளிலும் சோதனையைக் கொண்டு வந்திருக்கிறது. எனவே பஸ், ரயிலில் திரும்புகிறவர்களும் பாஸ்போர்ட்டை ஹாஸ்டலில் விட்டுவிட்டுப் போகக் கூடாது.

39 யூரோ எப்படி 230 யூரோ ஆகிறது?

சரி, பேப்பர் எல்லாம் சரியாக இருக்கிறது. இப்போது அம்மாவின் இரண்டாவது கேள்விக்கு வருவோம்.

விளம்பரத்தில் தெரியும் 39 யூரோ ஒரு வழிக் கட்டணம். ஞாயிறு மாலை திரும்பும் டிக்கெட்டை எல்லாரும் விரும்புவதால் அது பெரும்பாலும் கூடுதலாக இருக்கும். உதாரணத்துக்கு 45 யூரோ என்று வைத்துக்கொள்வோம். போக வர 84. ஹாஸ்டலில் எட்டு பேர் படுக்கும் அறையில் ஒரு கட்டில், சீசன் இல்லாத நேரத்தில் ஒரு இரவுக்கு 28 யூரோ என்றால் இரண்டு இரவுக்கு 56. அதன் மேல் லிஸ்பன் மாநகராட்சியின் சுற்றுலா வரி, ஒரு ஆளுக்கு ஒரு இரவுக்கு 4 யூரோ. 2024 செப்டம்பரில் இதை 2-ல் இருந்து இரட்டிப்பாக்கினார்கள். ஆன்லைன் புக்கிங் தொகையில் இது பெரும்பாலும் சேர்ந்திருக்காது, ஹாஸ்டலில் தனியாகக் கேட்பார்கள். அது 8. மெட்ரோ, பஸ், டிராம் எல்லாவற்றுக்கும் சேர்த்து 24 மணி நேர டிக்கெட் சுமார் 7 யூரோ. இரண்டு நாளைக்கு, கார்டு விலையும் சேர்த்து 15. சாப்பாடு சிக்கனமாக 50. ஒரே ஒரு நுழைவுச்சீட்டு 18.

மொத்தம் 231 யூரோ. ஒரு யூரோ சுமார் 100 ரூபாய் என்று வைத்தால் 23,000 ரூபாய்க்கு மேல்.

இதை ரூபாயில் பார்ப்பதை விட மாணவரின் கணக்கில் பார்த்தால்தான் கனம் புரியும். ஜெர்மனி மாணவர் விசாவுக்கு முடக்கப்பட்ட வங்கிக் கணக்கில் ஆண்டுக்கு 11,904 யூரோ காட்ட வேண்டும். அதில் இருந்து மாதம் எடுக்க முடிவது 992 யூரோ. அதற்குள் வாடகை, காப்பீடு, சாப்பாடு எல்லாம் அடக்கம். அதாவது ஒரு லிஸ்பன் வீக்கெண்ட் என்பது மாதப் பணத்தில் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு. பகுதி நேர வேலைக் கணக்கில், 2025-ன் குறைந்தபட்ச ஊதியமான மணிக்கு 12.82 யூரோ வீதம், சரியாக 18 மணி நேர உழைப்பு. கல்விக்கடன் வாங்கிப் படிக்கிற பிள்ளை என்றால், இதை முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றதைப் பேசணும்.

இந்தக் கணக்கில் வராத இரண்டு பொறிகள் உண்டு. முதலாவது, பை. மலிவு டிக்கெட்டில் இலவசம் என்பது முன் சீட்டுக்கு அடியில் போகிற சின்னப் பை மட்டும்தான். ஏறக்குறைய 40-க்கு 30-க்கு 20 சென்டிமீட்டர். நிறுவனத்துக்கு நிறுவனம் அளவு மாறும். காலேஜ் பேக் பேக்கைப் பிதுங்கப் பிதுங்க நிரப்பிக்கொண்டு போனால் கேட்டில் அளந்து பார்த்து காசு கேட்பார்கள். அந்தத் தொகை சில சமயம் டிக்கெட் விலையை விட அதிகம். (அம்மா கொடுத்தனுப்பிய ஊறுகாய் பாட்டிலும் பாதுகாப்புச் சோதனையில் திரவக் கணக்கில்தான் வரும், 100 மில்லிக்கு மேல் இருந்தால் பல விமான நிலையங்களில் குப்பைத்தொட்டிக்குப் போகலாம்.)

இரண்டாவது பொறி, விமான நிலையத்தின் பெயர். 'ஃபிராங்க்பர்ட் ஹான்' என்று டிக்கெட்டில் இருப்பது ஃபிராங்க்பர்ட் நகரில் இருந்து சுமார் 120 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. மியூனிக் பக்கத்தில் என்று சொல்லப்படும் மெமிங்கனும் அப்படித்தான், 100 கிலோமீட்டருக்கு மேல். அங்கே போக பஸ் கட்டணம், நேரம் இரண்டையும் கூட்டினால் 20 யூரோ அதிகம் கொடுத்து நகர விமான நிலையத்தில் இருந்தே போயிருக்கலாம் என்று தோன்றும்.

லிஸ்பனில் அந்தத் தொல்லை இல்லை. விமான நிலையம் ஊருக்குள்ளேயே இருக்கிறது. மெட்ரோவின் சிவப்பு லைன் வாசலுக்கே வருகிறது. அலமேடா ஸ்டேஷனில் பச்சை லைனுக்கு மாறினால் நகர மையம். இரவு 1 மணி வரை மெட்ரோ ஓடும்.

இரண்டு நாளில் என்ன பார்க்கலாம்?

ஜெர்மனியில் இருந்து மூன்று மணி நேரப் பயணம். லிஸ்பன் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்தங்கி இருப்பதால், வெள்ளி இரவு 8 மணிக்குக் கிளம்பினால் அங்கே இரவு 10 மணிதான் ஆகியிருக்கும். போகும்போது ஒரு மணி நேரம் லாபம். ஞாயிறு திரும்பும்போது அதே ஒரு மணி நேரம் கையை விட்டுப் போகும். இரவு 8 மணிக்கு ஏறினால் ஜெர்மனியில் நள்ளிரவு. உள்ளூர் ரயில் அந்த நேரத்தில் உண்டா என்று முன்பே பார்த்து வைக்கணும்.

நகரம் முழுக்க மேடும் பள்ளமும். ஏழு மலைகளின் நகரம் என்று சொல்வார்கள், நடந்து பார்த்தால் எழுபது மாதிரி இருக்கும். நடைபாதை முழுக்க சின்னச் சின்ன சுண்ணாம்புக் கற்கள். பார்க்க அழகு, மழை பெய்தால் வழுக்கும். நல்ல பிடிப்புள்ள ஷூ அவசியம். மேட்டில் ஏறியதற்குப் பரிசாக ஆங்காங்கே 'மிராடோரு' என்று சொல்லும் காட்சி மேடைகள். செஞ்ஞோரா டு மோந்த்தே, சாந்தா லூசியா, கிராசா என்று பல இருக்கின்றன. எல்லாமே இலவசம். மாலை வெயிலில் தேஜோ ஆறும் சிவப்பு ஓட்டுக் கூரைகளும் தெரியும் அந்த இடங்கள்தான் இந்தப் பயணத்தின் நிஜமான லாபம் என்பது எங்கள் கணிப்பு.

கீழே சமவெளியில் இருக்கும் பைஷா பகுதி மட்டும் கட்டம் போட்ட மாதிரி நேர்த்தெருக்களாக இருக்கும். அதற்குக் காரணம் ஒரு பேரழிவு. 1755 நவம்பர் 1-ம் தேதி, புனிதர் அனைவர் திருநாள். மக்கள் தேவாலயங்களில் கூடியிருந்த காலை நேரத்தில் பெரும் நிலநடுக்கம். அதைத் தொடர்ந்து சுனாமி, அதன் பிறகு நாள்கணக்கில் தீ. பழைய லிஸ்பனின் பெரும்பகுதி அழிந்தது. அமைச்சராக இருந்த பொம்பால் பிரபு நகரத்தைப் புதிதாகக் கட்டினார். சுவருக்குள் மரச்சட்டகம் வைத்து, நிலம் ஆடினாலும் வீடு தாங்குவது போன்ற முறையை அப்போதே பயன்படுத்தினார்கள். சுனாமியைப் பார்த்த நம்ம கடற்கரைக்காரர்களுக்கு இந்தக் கதை வேறு மாதிரிதான் கேட்கும். அன்று கூரை இடிந்த கார்மு மடாலயம் இன்றும் கூரையில்லாமலே நிற்கிறது. அதற்கு முன்னால் உள்ள சதுக்கத்தில்தான் 1974 ஏப்ரல் 25-ம் தேதி சர்வாதிகார ஆட்சி சரணடைந்தது. வீரர்களின் துப்பாக்கி முனையில் கார்னேஷன் பூக்கள் செருகப்பட்ட புரட்சி அது.

டிராம் 28-ல் ஏறாமல் லிஸ்பன் போட்டோ முழுமையாகாது என்று எல்லாரும் சொல்வார்கள். மார்த்திம் மோனிஸ் சதுக்கத்தில் தொடங்கும் இந்த மஞ்சள் டிராமில் காலை 8 மணிக்கு முன்பே ஏறிவிடுங்கள். பத்து மணிக்கு மேல் வரிசையும் நெரிசலும். நம்ம ஊர் பீக் ஹவர் பஸ் மாதிரி, அதே அளவு பிக்பாக்கெட்டும். மலைச்சரிவில் கம்பி வடம் இழுத்து ஏறும் பெட்டிகளில் ஒன்றான குளோரியா, 2025 செப்டம்பர் 3-ம் தேதி வடம் அறுந்து கவிழ்ந்ததில் 16 பேர் உயிரிழந்தனர். அதன் பிறகு நகரின் மற்ற வடப் பெட்டிகளும் சோதனைக்காக நிறுத்தப்பட்டன. பழைய யூடியூப் வீடியோவைப் பார்த்துவிட்டு அதில் ஏறப் போகிறேன் என்று கிளம்பாமல், அன்றைய நிலையைத் தெரிந்துகொண்டு போவது நல்லது.

டுக்டுக் என்ற பெயரில் நம்ம ஆட்டோவும் அங்கே ஓடுகிறது. ஒரு மணி நேரம் சுற்றினால் கேட்கும் தொகை ஹாஸ்டல் வாடகையைத் தாண்டும். ஊருக்குப் போய் ஏறிக்கொள்ளலாம், விடுங்கள்.

லிஸ்பனில் தமிழ் எங்கே இருக்கிறது?

மற்ற ஐரோப்பிய நகரங்களில் கிடைக்காத ஒன்று தமிழ் பேசுகிறவர்களுக்கு இங்கே கிடைக்கும். ஹாஸ்டலில் ஜன்னலைக் காட்டி இதற்குப் பெயர் என்ன என்று கேட்டுப் பாருங்கள். 'ஜனெலா' என்பார்கள். சாவிக்கு 'ஷாவ்'. மேசைக்கு 'மேசா'. அலமாரிக்கு 'அர்மாரியு'. அன்னாசிப்பழத்துக்கு 'அனனாஷ்'. ஏலம் என்ற சொல்லும் 'லெய்லாவ்' என்ற அவர்கள் சொல்லில் இருந்து வந்ததுதான். நாம் தினமும் பேசும் இந்தச் சொற்கள் 16-ம் நூற்றாண்டில் கப்பலில் வந்தவை.

பெலேம் பகுதியில் இருந்துதான் 1497 ஜூலையில் வாஸ்கோ ட காமா கிளம்பினார். அடுத்த ஆண்டு மே மாதம் கோழிக்கோடு கரைக்கு வந்து சேர்ந்தார். பிறகு 1524-ல் கொச்சியில் இறந்த அவருடைய கல்லறை இன்று பெலேமின் ஜெரோனிமுஸ் மடாலயத்தில் இருக்கிறது. அந்தப் பிரமாண்டமான மடாலயம் கட்டப்பட்ட பணத்தில் பெரும்பகுதி, கிழக்கில் இருந்து வந்த மிளகு உள்ளிட்ட சரக்குகளின் மீது போட்ட 5 சதவீத வரி. நம் கடற்கரைப் பக்கத்தில் இருந்து போன காசு என்ற நினைப்போடு அந்தத் தூண்களைப் பார்ப்பது வேறு அனுபவம். தூத்துக்குடி, மணப்பாடு பக்கம் பெர்னாண்டோ, மிராண்டா என்ற குடும்பப் பெயர்கள் வந்த கதையும் இங்கிருந்துதான் தொடங்குகிறது.

இன்னொன்று, தமிழர்கள் பலருக்குத் தெரியாதது. தமிழ் முதன்முதலில் அச்சேறிய ஊர் லிஸ்பன். 1554-ல், கிறிஸ்தவ வழிபாட்டு வாசகங்களைத் தமிழில், ஆனால் ரோமன் எழுத்தில், போர்ச்சுகீசிய மொழியோடு சேர்த்து ஒரு சிறு நூலாக அச்சிட்டார்கள். தமிழ் எழுத்திலேயே அச்சான 'தம்பிரான் வணக்கம்' கொல்லத்தில் வந்தது 24 ஆண்டுகள் கழித்து, 1578-ல்.

காசு விஷயத்தில் ஒரு குறிப்பு: வாஸ்கோ ட காமா கல்லறை இருக்கும் தேவாலயப் பகுதிக்குக் கட்டணம் இல்லை. உள்முற்றத்துக்குத்தான் அந்த 18 யூரோ. ஞாயிறு இலவசம் என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள், அந்தச் சலுகை போர்ச்சுகலில் வசிப்பவர்களுக்கு மட்டும். திங்கள்கிழமை மூடியிருக்கும்.

சாப்பாட்டுக்கு என்ன செய்வது?

ஜெர்மனி மாதிரி ஞாயிற்றுக்கிழமை கடை எல்லாம் சாத்திவிட மாட்டார்கள். சூப்பர்மார்க்கெட் திறந்திருக்கும். ரொட்டி, பழம் வாங்கி காட்சி மேடையில் உட்கார்ந்து சாப்பிடலாம். மதியம் 'பிராத்து டு தியா' என்று போர்டு வைத்திருக்கும் சின்னக் கடைகளில் அன்றைய சாப்பாடு 10 யூரோ அளவில் கிடைக்கும். மீன் சாப்பிடுகிறவர்களுக்குக் கொண்டாட்டம். சைவம் என்றால் கேட்டுச் சாப்பிடணும். கீரை சூப் மாதிரி இருக்கும் 'கால்து வெர்த்'-ல் பன்றி இறைச்சித் துண்டு போடுவது வழக்கம். புகழ்பெற்ற பாஸ்டல் டி நாட்டாவில் முட்டை உண்டு. சோறுதான் வேணும் என்றால் மார்த்திம் மோனிஸ் சதுக்கத்தைச் சுற்றி தெற்காசியக் கடைகளும் உணவகங்களும் இருக்கின்றன. வங்கதேசம், நேபாளத்தில் இருந்து வந்து உழைப்பவர்கள் நடத்துபவை நிறைய.

உட்கார்ந்தவுடன் கேட்காமலே ரொட்டி, ஆலிவ், சீஸ் கொண்டு வந்து வைப்பார்கள். இலவசம் என்று நினைத்துக் கை வைத்தால் பில்லில் ஏறும். வேண்டாம் என்றால் தொடாமல் திருப்பி அனுப்பிவிடலாம், காசு கேட்கக் கூடாது என்பது அந்த நாட்டுச் சட்டம். பைஷா தெருக்களில் காதோரம் வந்து போதைப்பொருள் வேணுமா என்று கேட்பவர்களும் உண்டு. போர்ச்சுகலில் 2001 முதல் சொந்த உபயோகத்துக்கு வைத்திருப்பது சிறைக் குற்றம் இல்லை என்பதைத் தவறாகப் புரிந்துகொள்ள வேண்டாம். அது சட்டப்படி அனுமதி ஆகாது.

ஏதாவது தப்பாகப் போனால்?

உடம்பு சரியில்லை என்றால்: ஜெர்மனியின் அரசு மருத்துவக் காப்பீட்டு அட்டையைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் ஐரோப்பிய மருத்துவ அட்டை என்று இருக்கும். போர்ச்சுகல் அரசு மருத்துவமனையில் அவசர சிகிச்சைக்கு அது செல்லும். தனியார் காப்பீடு வைத்திருக்கும் மாணவர்கள் வெளிநாட்டுக்குச் செல்லுமா என்று முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். அவசர எண் ஐரோப்பிய யூனியன் முழுக்க 112.

பாஸ்போர்ட் தொலைந்தால்: இதுதான் உண்மையிலேயே பயப்பட வேண்டியது. ரெஸ்டவ்ரதோரெஸ் சதுக்கத்தில் சுற்றுலாப் பயணிகளுக்கான காவல் நிலையம் இருக்கிறது. அங்கே புகார் கொடுத்து நகல் வாங்க வேண்டும். லிஸ்பனில் இந்தியத் தூதரகம் உண்டு, ஆனால் சனி, ஞாயிறில் வழக்கமான சேவை இருக்காது. இன்னொரு முக்கியமான விஷயம், தூதரகம் அவசரமாகக் கொடுக்கும் எமர்ஜென்சி சர்டிஃபிகேட் இந்தியாவுக்குத் திரும்ப மட்டும்தான் பயன்படும். ஜெர்மனிக்குத் திரும்பிப் போய் தேர்வு எழுத அது உதவாது. புது பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். அதனால் பாஸ்போர்ட்டையும் பெர்மிட் கார்டையும் ஒரே பையில் வைக்காதீர்கள். டிராமில் ஏறும் நாளில் பாஸ்போர்ட் ஹாஸ்டல் லாக்கரில் இருக்கட்டும். இரண்டின் போட்டோவும் மின்னஞ்சலில் இருக்கட்டும்.

ஞாயிறு இரவு விமானம் ரத்தானால் அல்லது தாமதமானால்: ஐரோப்பிய யூனியன் சட்டம் பயணி பக்கம்தான் இருக்கிறது. விமானம் மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமாகச் சேர்ந்தால், 1,500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட உள்-ஐரோப்பியப் பயணத்துக்கு 400 யூரோ இழப்பீடு கேட்கலாம். ஃபிராங்க்பர்ட் - லிஸ்பன் தூரம் அந்தக் கணக்கில் வரும். 39 யூரோ டிக்கெட்டுக்கும் அதே 400 யூரோதான். மோசமான வானிலை, வான்வழிக் கட்டுப்பாட்டு ஊழியர் ஸ்டிரைக் போன்ற காரணங்கள் என்றால் இழப்பீடு கிடைக்காது. ஆனால் அப்போதும் சாப்பாடு, இரவு தங்க வேண்டியிருந்தால் ஹோட்டல், மாற்று விமானம் ஆகியவற்றை விமான நிறுவனம்தான் தர வேண்டும். கவுன்ட்டரில் "எதுவும் செய்ய முடியாது" என்று சொன்னால் அதோடு விட்டுவிடாமல், ரசீதுகளை எடுத்து வைத்து, நிறுவனத்தின் இணையதளத்தில் எழுத்து மூலம் கேளுங்கள்.

திங்கட்கிழமை காலை தேர்வோ, லேபோ, வேலை ஷிஃப்ட்டோ இருக்கிறது என்றால் ஞாயிறு கடைசி விமானத்தைத் தவிர்த்து மதிய விமானத்தில் திரும்பிவிடுங்கள். அது ரத்தானாலும் இரவு விமானம் ஒன்று மிச்சம் இருக்கும்.